சளி ஏன் பசையாகிறது: தண்ணீர் வற்றியா, அமிலம் ஏறியா?

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோய் உள்ளவர்களுக்கு மூக்கிலும் நுரையீரலிலும் சளி பசை மாதிரி ஒட்டிக்கொள்கிறது, கிருமி அங்கேயே குடியேறிவிடுகிறது. சிஎஃப்டிஆர் புரதம் பழுதாவதுதான் மூலம் என்பதில் யாருக்கும் தகராறு இல்லை, அதன் மரபணுவே 1989இல் பிடிபட்டுவிட்டது. ஆனால் அந்தப் புரதம் செல்லிலிருந்து குளோரைடையும் வெளியே விடும், அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட்டையும் விடும். இதில் எது நின்றுபோனதால் இவ்வளவு பாடு என்பதில்தான் சண்டை.

தண்ணீர்க் கட்சி சொல்வது எளிது. குளோரைடு வெளியே வராது, ஈநாக் என்ற சோடியம் கால்வாயோ பாட்டுக்கு உப்பை உள்ளே இழுத்துக்கொண்டே இருக்கும், உப்பு போன பக்கம் தண்ணீரும் போகும், சவ்வின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலம் வற்றிவிடும். இதற்கு ஒரு சுண்டெலி சாட்சி: சிஎஃப்டிஆர் ஒழுங்காக இருந்த எலியில் ஈநாக்கை மட்டும் கூட்டிப் பார்த்தார்கள் (2004), சளி அடைத்து நிறைய குட்டிகள் செத்தன.

அமிலக் கட்சிக்கும் ஒரு சுண்டெலி இருக்கிறது, எனக்கு அதுதான் சுவாரசியம். சிஎஃப்டிஆர் இல்லாத சுண்டெலிக்கு நம்மைப் போல நுரையீரல் நோய் வருவதில்லை, இது வெகுகாலம் புதிராகவே கிடந்தது. அயோவா பல்கலைக்கழகக் குழு 2012இல் பன்றிக்குட்டிகளை வைத்து, பைகார்பனேட் குறைந்தால் படலத்தின் பிஎச் (இந்த எண் இறங்கினால் அமிலம் ஏறுகிறது என்று பொருள்) இறங்கி அதிலுள்ள கிருமிக்கொல்லிப் புரதங்கள் மந்தமாகின்றன என்று காட்டியது. அப்புறம் 2016இல் விடை வந்தது: மனிதரிலும் பன்றியிலும் ஏடிபி12ஏ என்ற பம்ப் அமிலமாக்கும் ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளுகிறது, சுண்டெலியின் மூச்சுக்குழாயில் அது இல்லாத குறைதான். அதைப் புகுத்தியதும் படலம் அமிலமானது, கிருமியும் பெருகியது.

சரி, மனிதரில்? பிறந்த குழந்தைகளின் மூக்கில் பிஎச் அளந்தபோது நோயுள்ளவர்களுக்குச் சுமார் 5.2, மற்றவர்களுக்குச் சுமார் 6.4. ஆனால் வளர்ந்தவர்களின் மூக்கில் அந்த வித்தியாசம் காணோம். 2017இல் சிறுவர்களின் மூச்சுக்குழாய்க்குள்ளேயே அளந்தார்கள், அங்கும் இல்லை. அமிலக் கட்சிக்கு இது நல்ல அடி.

தண்ணீர்க் கட்சியும் அடி வாங்காமல் இல்லை. ஈநாக்கை அடைக்கும் அமிலோரைடை மூச்சுவழி கொடுத்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. 7 சதவீத உப்புநீர் ஆவி மட்டும் 2006இல் ஆஸ்திரேலியச் சோதனையில் ஓரளவு கைகொடுத்தது.

என் ஓட்டு பைகார்பனேட்டுக்கு, ஆனால் அமிலத்துக்காக அல்ல. சளிப் புரதம் செல்லுக்குள் கால்சியத்தோடு இறுக்கி மடித்த பொட்டலமாகத்தான் இருக்கிறது, வெளியே வந்ததும் கால்சியத்தைப் பிடுங்கி அதை விரிக்க பைகார்பனேட் வேண்டும். பிஎச் அளவு மாறாவிட்டாலும் இந்தச் சிக்கல் அப்படியே இருக்கும். 2012இல் வந்த ஐவகாஃப்டர் மருந்து நன்றாக வேலை செய்கிறதே, அது யார் பக்கம் என்று கேட்பார்கள். அது சிஎஃப்டிஆர் கால்வாயையே திறந்துவிடுகிறது, குளோரைடும் போகும், பைகார்பனேட்டும் போகும், இரண்டு கட்சியும் வெடி வெடிக்கலாம்.