பபிள் ராப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்: பெங்களூரிலிருந்து ஊருக்குப் பைக் அனுப்புகிறவர்களுக்கு

பெங்களூரிலிருந்து ஊருக்குப் பைக் அனுப்பப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள். கீழே சொல்லும் பைக்கை ஏற்றிச் சென்ற நிறுவனத்தின் பெயரைப் போடவில்லை. இந்தத் தவறுகளைச் செய்வது அவர்கள் மட்டுமல்ல.

பெங்களூர் ஸ்ரீராம்புரத்திலிருந்து மதுரைக்கு ஒரு ராயல் என்ஃபீல்ட் கிளாசிக் 350 பைக். பேசிய தொகை 5,500 ரூபாய், வீட்டு வாசலில் இறக்கித் தருவது வரை எல்லாம் சேர்த்து. இரண்டு பையன்கள் வந்து அட்டை, பபிள் ராப், அதற்கு மேல் பிளாஸ்டிக் தாள் என்று அரை மணி நேரம் சுற்றினார்கள். பார்க்கப் பிரமாதம். ஐந்தாம் நாள் மதுரையில், "குடோன் சார்ஜ்" என்று இன்னொரு 1,800 வாங்கிக்கொண்டுதான் வண்டியைக் காட்டினார்கள். பிரித்துப் பார்த்தால் ஹேண்டில்பார் கிளாம்ப்புக்குள் சுழன்று கீழே இறங்கியிருக்கிறது, ஒரு ஃபோர்க்கில் (முன்சக்கரத்தின் ஷாக் அப்சார்பர் குழாய்) ஆயில் வழிகிறது, சைடு ஸ்டாண்டு வளைந்திருக்கிறது, டேங்கில் விரல் அகலத்துக்குப் பெயின்ட் போய்த் தகரம் தெரிகிறது.

சுற்றியதில் குறை இல்லை. கட்டியதில்தான் எல்லாக் கோளாறும். வண்டியில் கயிறு ஏறும் நேரத்தில் உரிமையாளர் யாரும் பக்கத்தில் இருப்பதில்லை என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

முதலில் சைடு ஸ்டாண்டு. அதைப் போட்டுவிட்டால் வண்டி தானாக நிற்கும், ஒரே ஆள் கட்டிவிடலாம், அதனால்தான் போடுகிறார்கள். ஆனால் கயிற்றை இறுக்க இறுக்க, 195 கிலோ வண்டியின் பாரத்தோடு கயிற்றின் இழுவையும் அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அதன் மேல் ஒரு அடி. ஸ்டாண்டு வளைவதோடு நின்றால் அதிர்ஷ்டம். சேஸிஸில் அது மாட்டியிருக்கும் பிராக்கெட்டே வளைந்தால் செலவு வேறு. மெயின் ஸ்டாண்டும் கூடாது. வண்டி தன் இரண்டு சக்கரத்தில், நேராக, பெல்ட்டின் பலத்தில் மட்டும் நிற்க வேண்டும்.

அடுத்தது கயிறு. லாரிக்காரர்கள் போடும் முடிச்சைக் குறை சொல்ல முடியாது, அரிசி மூட்டைக்கு அதுபோல வராது. ஆனால் மூட்டைக்கு ஷாக் அப்சார்பர் கிடையாது. பள்ளத்தில் இறங்கும்போது பைக்கின் ஃபோர்க் அமுங்கும், அந்த நொடியில் கயிறு தொளதொளக்கும், எழும்பும்போது வெடுக்கென்று இழுக்கும். நைலான் கயிறு நனைந்தால் இன்னும் நீளும். இந்த வண்டியில் கயிற்றை ஹேண்டில்பாரின் இரு முனைகளில் கட்டி, நடுவில் ஒரு கட்டையைச் செருகி முறுக்கியிருக்கிறார்கள். முனையில் இழுத்தால் நெம்புகோல் மாதிரி. ஹேண்டில்பார் சுழலாமல் என்ன செய்யும்? ஃபோர்க் அடிவரை அமுங்கிவிட்டதால் ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராக, ஆயில் கசியாமல் தடுக்கும் சீலுக்குப் போயிருக்கிறது. வழிந்த ஆயில் பிரேக் டிஸ்க்கில் இறங்கி, சீலோடு பிரேக் பேடையும் மாற்ற வேண்டியதாயிற்று. டேங்க் மேலே குறுக்காக ஒரு கயிறு வேறு. பபிள் ராப் ஓசூர் தாண்டுவதற்குள் வெடித்திருக்கும். பிறகு கயிறும் புழுதியும் சேர்ந்து உப்புத்தாள் போலத் தேய்த்திருக்கின்றன.

எப்படிக் கட்ட வேண்டும்? முன்சக்கரம், அதைக் கவ்விப் பிடிக்கும் வீல் சாக்கிலோ, லாரித் தொட்டியின் முன்பலகையை நேராக ஒட்டியோ நிற்கட்டும். குட்டி யானையில் அனுப்பினால் இடத்தைக் கவனியுங்கள்: டாடா ஏஸ் கோல்டின் தொட்டி 2,200 மி.மீ., கிளாசிக் 350-இன் நீளம் 2,145 மி.மீ. முன்னால் ஒரு பெட்டியை வைத்தாலும் பின்கதவு மூடாது. ஸ்டியரிங் லாக் போடக் கூடாது, சக்கரம் நேராக இருக்க வேண்டும்.

ராட்செட் பெல்ட் (பல்சக்கரப் பிடியால் இறுக்கும் துணிப்பட்டை) நான்கு, குறைந்தபட்சம். முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு. பெல்ட்டில் தைத்திருக்கும் துணிச்சீட்டில் இரண்டு எண் இருந்தால், அறுந்துபோகும் அளவை நம்பாமல் வேலைப் பாரம் என்ற சிறிய எண்ணைப் பாருங்கள். முன் பெல்ட்டின் கொக்கியை ஹேண்டில்பாரில் மாட்டாதீர்கள். இரண்டு ஃபோர்க்கையும் சேர்த்துப் பிடிக்கும் கீழ் 'டி'யில் துணி வளையம் போட்டு, அதில் மாட்ட வேண்டும். வளையத்துக்கு அடியில் பிரேக் ஹோஸோ வயரோ மாட்டியிருக்கிறதா என்று விரல் விட்டுத் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாது. அங்கிருந்து பெல்ட் முன்னோக்கியும் வெளிப்பக்கமாகவும், ஏறக்குறைய 45 டிகிரியில் தரைக்கு இறங்க வேண்டும்.

ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போகாதீர்கள், வண்டி சாயும். இந்தப் பக்கம் நாலு பல், அந்தப் பக்கம் நாலு பல். இந்த வண்டியில் ஃபோர்க் அமுங்கக்கூடிய மொத்தத் தூரம் 130 மி.மீ.; அதில் 50, 60 மி.மீ. அமுங்கினால் போதும். கண்ணளவு வேண்டாம், இறுக்குவதற்கு முன்னும் பின்னும் ஆக்ஸிலிலிருந்து கீழ் 'டி' வரை டேப் வைத்து அளந்துவிடலாம். கொக்கிக்கு வாய் மூடும் தாழ் இருக்கட்டும். திறந்த கொக்கி ஒரு குலுக்கலில் கழன்றுவிடும்.

பின் பெல்ட் இரண்டையும் பலரும் சும்மா பெயருக்குப் போடுகிறார்கள். தர்மபுரி தாண்டித் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் லாரி பிரேக் அடிக்கும்போது வண்டி முன்னால் பாயும். அதைப் பிடித்து நிறுத்துவது இவைதான். பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ பின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டிலோ மாட்டிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். சைலன்சரிலும் இண்டிகேட்டரிலும் படக் கூடாது. கியர் ஒன்றில் இருக்கட்டும். மிச்சப் பெல்ட்டைச் சுருட்டி முடிந்துவிடுங்கள், காற்றில் அடித்தே பெயின்ட்டை எடுத்துவிடும். கடைசியாகப் பின் கைப்பிடியைப் பிடித்து உலுக்குங்கள்: பைக் தனியாக ஆடினால் கட்டு சரியில்லை, தொட்டியும் சேர்ந்து ஆடினால் சரி. முதல் 30 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்தி மறுபடி இறுக்கச் சொல்லுங்கள்.

"நடுவில் லாரி மாறுமா?" என்று கேட்காமல் புக் செய்யாதீர்கள். இந்த வண்டி ஓசூரில் மாறியிருக்கிறது. நீங்கள் நின்று பார்த்துக் கட்ட வைத்தது அங்கேயே அவிழ்ந்துவிடும்.

"இன்சூரன்ஸ்" என்று தனியாகப் பணம் கேட்டால் பாலிசி நம்பரைக் கேளுங்கள். உங்கள் பைக்குக்கு காம்ப்ரிஹென்சிவ் பாலிசி இருந்தால், சாலையிலோ ரயிலிலோ ஏற்றிச் செல்லும்போது ஆகும் சேதம் அதிலேயே அடக்கம். வெறும் தேர்ட் பார்ட்டி என்றால் கிடையாது. அதிக ரிஸ்க் கட்டணம் கட்டி எழுதி வாங்காவிட்டால், டிரான்ஸ்போர்ட்காரரின் பொறுப்பு கூலியில் 10 மடங்கோடு நின்றுவிடும். 5,500 கூலிக்கு 55,000. சேதத்துக்கான எழுத்து நோட்டீஸ், 2007-ஆம் ஆண்டுச் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். வாய்ச்சண்டை கணக்கில் வராது. நுகர்வோர் உதவி எண் 1915.

எல்ஆர் ரசீதில் (புக் செய்யும்போது டிரான்ஸ்போர்ட்காரர் தரும் சரக்கு ரசீது) சேஸிஸ் நம்பரும் வண்டி ஓடிய கிலோமீட்டரும் எழுத வையுங்கள். சுற்றுவதற்கு முன் நான்கு பக்கமும் வீடியோ எடுங்கள். மதுரையில் நடந்தது என்னவென்றால், "சார், கையெழுத்துப் போட்டுட்டுப் பிரிச்சுக்கங்க, லாரி நிக்குது" என்று அவசரப்படுத்தி, "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்ற சீட்டில் முதலில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இப்போது புகார் கொடுத்தால் அந்தச் சீட்டைத்தான் நீட்டுகிறார்கள். லாரி நிற்கட்டும். பிளாஸ்டிக் தாளைக் கிழித்து, ஃபோர்க்கைத் துடைத்துப் பார்த்து, சேதம் இருந்தால் அதே சீட்டில் எழுதிவிட்டு அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள்.