பெட்டியில் "லினக்ஸ்" என்று போட்டிருந்தால் நம்பிவிடாதீர்கள்: வைஃபை அடாப்டர் வாங்கப் போய் ஹார்ட் டிஸ்க்கை இழந்த கதை

கோத்தகிரி, குன்னூர், ஊட்டிப் பக்கம் லினக்ஸ் (விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம்) கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும், புதிதாக லினக்ஸுக்கு மாறுகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். யூஎஸ்பி வைஃபை அடாப்டர் வாங்கும்போது பெட்டியில் "லினக்ஸ்" என்று அச்சடித்திருப்பதையோ, கடைக்காரர் "ஓடும்" என்று சொல்வதையோ நம்பிப் பணம் கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் சிப் எது என்று கேளுங்கள். பதில் வரவில்லையென்றால் வாங்காமல் வந்துவிடுங்கள். அதைவிட முக்கியமாக, அடாப்டர் வேலை செய்யவில்லை என்பதற்காக சிபியுவைக் கொண்டுவரச் சொன்னால் கொண்டுபோகாதீர்கள்.

கோத்தகிரி பக்கத்தில் ஒரு கிராமத்தில் டியூஷன் எடுக்கிறேன். பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளோடு டிஎன்பிஎஸ்சி படிக்கிறவர்களும் வருகிறார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்கள், வீட்டில் கம்ப்யூட்டர் கிடையாது. என்னிடமிருக்கும் டெஸ்க்டாப்பில்தான் விண்ணப்பம் போடுவது, ஹால் டிக்கெட் எடுப்பது, பழைய வினாத்தாள் பார்ப்பது எல்லாம் நடக்கும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இந்தப் பழைய மதர்போர்டில் இல்லை. நன்றாக ஓடுகிற மெஷினை எதற்குத் தூக்கிப் போடுவது என்று கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் அக்கா பையன் வந்து லினக்ஸில் ஒரு வகையான லினக்ஸ் மின்ட் 22 போட்டுக் கொடுத்தான். தமிழ்99 விசைப்பலகை, லிப்ரே ஆஃபீஸ், பிரிண்டர் எல்லாம் உடனே வேலை செய்தன. பிள்ளைகளும் சீக்கிரம் பழகிவிட்டார்கள்.

வைஃபை மட்டும் தேவைப்பட்டது. ரௌட்டர் மேல் வீட்டில் ஓனர் அக்காவிடம் இருக்கிறது. பாஸ்வேர்டு தாராளமாகக் கொடுத்தார். ஆனால் அது பழைய காலத்துக் கருங்கல் சுவர். அதில் ஓட்டை போட்டு லேன் கேபிள் இழுக்க வேண்டாம் என்றார், அது நியாயம்தான். அதனால் யூஎஸ்பி அடாப்டர் வாங்க ஊட்டிக்குப் போனேன். கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. பிரச்சினை இன்னும் முடியவில்லை.

கடையில் நான் முதலில் கேட்டதே இதைத்தான்: "என்கிட்ட விண்டோஸ் இல்லைங்க, லினக்ஸ் மின்ட். அதில் வேலை செய்யுமா?" கவுண்டரில் இருந்தவர், "எல்லாத்துலயும் ஓடும் மேடம், பெட்டியிலேயே போட்டிருக்கு பாருங்க" என்று திருப்பிக் காட்டினார். விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று வரிசையாக அச்சடித்திருந்தது. "வைஃபை 6, ஏஎக்ஸ்300, லேட்டஸ்ட்" என்றார். விலை 750 ரூபாய். பில்லில் "லினக்ஸ் சப்போர்ட்" என்று எழுதித் தரச் சொன்னேன், எழுதினார். அந்த இரண்டு சொற்கள்தான் இன்றைக்கு என் கையில் இருக்கும் பெரிய ஆதாரம்.

வீட்டுக்கு வந்து சொருகினால் வைஃபை பட்டியலே வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சின்ன டிஸ்க் மாதிரி ஒன்று திறந்தது, அதற்குள் விண்டோஸுக்கான செட்டப் ஃபைல் ஒன்று. ரீஸ்டார்ட் செய்தேன், வேறு போர்ட்டில் மாற்றினேன், அதே கதை. கடைக்கு போன் செய்தால் "சிபியுவைக் கொண்டுவாங்க மேடம், டிரைவர் போட்டுத் தர்றோம்" என்றார்கள். டிரைவர் என்பது அந்தக் கருவியை இயக்கும் மென்பொருள். கோத்தகிரியிலிருந்து ஊட்டிக்கு முப்பது கிலோமீட்டர் மலை ரோடு. சிபியுவை பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். சர்வீஸ் சீட்டில் "வைஃபை மட்டும், டேட்டாவைத் தொடக்கூடாது" என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன், அவர்களும் போட்டார்கள்.

மறுநாள் திரும்ப வாங்கும்போது மானிட்டரில் போட்டுக் காட்டினார்கள். விண்டோஸ் 10. லினக்ஸ் மொத்தமும் போயிருந்தது. ஹார்ட் டிஸ்க்கை ஃபார்மட் செய்து, ஆதரவு முடிந்துபோன அதே விண்டோஸை லைசென்ஸ் இல்லாமல் போட்டிருக்கிறார்கள். "இப்ப பாருங்க, வைஃபை சூப்பரா எடுக்குது. பொருள்ல ஒரு குறையும் இல்ல. லினக்ஸெல்லாம் யாரும் யூஸ் பண்றதில்ல மேடம்" என்றார் கடைக்காரர். சர்வீஸ் சார்ஜ் 1,200 ரூபாய். அதைக் கட்டினால்தான் சிபியு வெளியே போகும் என்றார். கட்டினேன். அடாப்டரைத் திருப்பி எடுக்கவும் மறுத்தார். பில்லின் அடியில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சீல் இருந்தது.

அந்த டிஸ்க்கில் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். வினாத்தாள்களின் நகல் பென்டிரைவில் இருந்தது, அது பிழைத்தது. ஆனால் பிள்ளைகளின் விண்ணப்பங்களுக்காக ஸ்கேன் செய்து வைத்திருந்த சாதிச் சான்றிதழ், ஆதார், மதிப்பெண் பட்டியல், கையெழுத்துப் படம் எல்லாம் போய்விட்டன. அக்கா பையன் ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை வைத்து ஒரு பகுதியை மீட்டான். ஆனால் அது ஃபைல் பெயரை மீட்காது. எல்லாம் வெறும் எண்களாக வந்தன, ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து யாருடையது என்று பிரித்தோம். பாதி கிடைக்கவில்லை. கிடைக்காததை எல்லாம் அந்தப் பெற்றோர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு மறுபடி ஜெராக்ஸ் கடைக்கும் இ-சேவை மையத்துக்கும் நடந்து எடுத்தார்கள். அழிந்ததைவிட எனக்கு ஆறாதது இன்னொன்று. இத்தனை பிள்ளைகளின் ஆதார் இருந்த டிஸ்க் என் கண் மறைவில் ஒரு ராத்திரி அந்தக் கடையில் கிடந்தது. அதை யார் நகல் எடுத்தார்கள், எடுக்கவில்லை என்று எனக்கு யாரும் உறுதி தர முடியாது. அதனால்தான் சிபியுவை விடாதீர்கள் என்று முதலிலேயே சொன்னேன். விட்டே ஆக வேண்டும் என்றால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுக் கொண்டுபோங்கள். வைஃபை அடாப்டரைச் சோதிக்க உங்கள் டிஸ்க் தேவையே இல்லை. பென்டிரைவிலிருந்தே ஓடும் லைவ் லினக்ஸைப் போட்டுச் சோதிக்கலாம்.

சரி, அந்தப் பொருளில் என்னதான் பிரச்சினை? மின்ட்டை மறுபடி போட்ட பிறகு கட்டளை அடிக்கும் டெர்மினலைத் திறந்து எல், எஸ், யூ, எஸ், பி என்ற ஐந்து ஆங்கிலச் சின்ன எழுத்தையும் சேர்த்து அடித்துப் பார்த்தோம். யூஎஸ்பியில் சொருகியிருக்கும் ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எண் வரும். என் அடாப்டருக்கு ஏ69சி:5721 என்று வந்தது. அது ஏஐசி8800 வகை சிப், அதுவும் வைஃபை கருவியாக இல்லாமல் சேமிப்புக் கருவியாகத் தன்னைக் காட்டிக்கொள்ளும் நிலை. விண்டோஸில் அந்த டிஸ்க்குக்குள்ளிருந்தே டிரைவரை நிறுவிவிட்டு அது வைஃபையாக மாறிக்கொள்ளும். மின்ட் 22-உடன் வரும் 6.8 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) அந்த சிப்புக்கு டிரைவர் இல்லை. தனியாக ஒரு டிரைவரைத் தேடி எடுத்து, நம் மெஷினிலேயே கம்பைல் செய்து, அதாவது மூல நிரலிலிருந்து உருவாக்கி, போட்டால் ஓடும். சிப் செய்தவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. இதைச் சொல்லாமல் "லினக்ஸில் ஓடும்" என்று விற்றதுதான் குறை.

"தனியாக டிரைவர் போட்டால் போச்சு" என்று சிலர் சொல்வார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது சரிப்படாது. நம் கையால் போட்ட டிரைவர் அந்தக் கெர்னலுக்கு மட்டும்தான். அப்டேட்டில் புதுக் கெர்னல் வந்தால் மறுபடி கம்பைல் ஆக வேண்டும். டிகேஎம்எஸ் என்ற மென்பொருள் அதைத் தானாகச் செய்ய முயலும், ஆனால் புதுக் கெர்னலோடு அந்த டிரைவர் ஒத்துப்போகாவிட்டால் அன்றைக்கு நெட் போய்விடும். கம்ப்யூட்டர் தொடங்கும்போதே பாதுகாப்புச் சோதனை செய்யும் செக்யூர் பூட் ஆன் ஆகியிருந்தால் டிஜிட்டல் கையொப்பம் இல்லாத டிரைவரை உள்ளேயே விடாது, அதற்குத் தனி டிஜிட்டல் சாவியைப் பதிய வேண்டும். நெட் வர டிரைவர் வேண்டும், டிரைவர் எடுக்க நெட் வேண்டும். மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு மூடிக்கிடக்கும் ஊரில், விண்ணப்பக் கடைசித் தேதியில் இந்தத் தலைவலி வேண்டவே வேண்டாம். டிரைவர் கெர்னலுக்குள்ளேயே இருக்கிற சிப்பாகப் பார்த்து வாங்குங்கள். சொருகியதும் ஓட வேண்டும், அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட சிப்கள் நிறைய உண்டு. மீடியாடெக் எம்டி7601யூ விலை குறைந்தது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும்தான், வேகமும் குறைவு. ஆனால் 2015-இல் வந்த 4.2 கெர்னலிலிருந்தே டிரைவர் இருக்கிறது. விண்ணப்பம் போடவும் பாடம் பார்க்கவும் இதுவே போதும். 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசையும் வேண்டுமென்றால் எம்டி7612யூ, 2018-இன் 4.19 கெர்னலிலிருந்து உண்டு. வைஃபை 6 வேண்டுமென்றால் எம்டி7921ஏயூ, 2022-இன் 5.18 கெர்னலிலிருந்து. ரியல்டெக் சிப்களைக் கொஞ்சம் கவனித்து வாங்க வேண்டும். ஆர்டிஎல்8811சியூ, 8812பியூ போன்றவற்றுக்கு 2023-இல் வந்த 6.2 கெர்னலிலிருந்துதான் உள்ளேயே டிரைவர் வந்தது. அதனால் உங்களிடம் பழைய லினக்ஸ் இருந்தால் அவை உடனே ஓடாது. ஏதெராஸ் ஏஆர்9271 பழைய சிப், ஆனால் தங்கம். அதன் ஃபர்ம்வேர், அதாவது சிப்புக்குள் ஓடும் மென்பொருள்கூடத் திறந்த மூலம். எங்காவது கிடைத்தால் விடாதீர்கள்.

ஒரே மாடல் பெயரை வைத்தும் ஏமாற முடியும். டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்ற அடாப்டர் லினக்ஸ்காரர்களிடம் பெயர் பெற்றது. முதல் பதிப்பில் இருந்தது அந்த ஏஆர்9271. இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் ஆர்டிஎல்8188இயூஎஸ். பெட்டியும் பெயரும் அப்படியே, உள்ளே வேறு. பழைய பரிந்துரையைப் படித்துவிட்டு வாங்குகிறவர் கையில் வருவது வேறு பொருள். அடாப்டரின் ஒட்டுச்சீட்டில் பதிப்பு எண் சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது.

"வைஃபை 6" என்ற பெரிய எழுத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. எனக்கு விற்ற ஏஎக்ஸ்300 வகை 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும்தான் இயங்கும். 5 கிகாஹெர்ட்ஸ் அதில் இல்லவே இல்லை. பெட்டியில் அதை எங்கேயும் கண்ணில் படும்படி சொல்லவில்லை. எங்கள் வீட்டுக் கல் சுவருக்கு 2.4 தான் நல்லது, 5 கிகாஹெர்ட்ஸ் அலை அந்தச் சுவரைத் தாண்டும்போது மிகவும் வலுவிழந்துவிடும். ஆனால் அதைத் தெரிந்து வாங்குவது வேறு, தெரியாமல் தலையில் கட்டப்படுவது வேறு.

நகம் அளவு இருக்கும் நேனோ அடாப்டரை சிபியுவின் பின்னால் சொருகினால் இரும்புப் பெட்டியே சிக்னலை மறைக்கும். யூஎஸ்பி 3.0 போர்ட் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு இடைஞ்சல் செய்யும் என்று இன்டெல்லே 2012-இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறது. ஒரு மீட்டர் யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, கறுப்பு யூஎஸ்பி 2.0 போர்ட்டில் போட்டு, அடாப்டரை ஜன்னல் பக்கம் தூக்கி வையுங்கள்.

அவசரத்துக்கு அடாப்டரே வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் சொருகி, செட்டிங்ஸில் யூஎஸ்பி டெதரிங்கை ஆன் செய்தால் லினக்ஸ் உடனே எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான போன்களில் போன் வைஃபையில் இருந்தால் அந்த வைஃபையே கம்ப்யூட்டருக்கும் வரும், டேட்டா செலவாகாது. இதைக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிபியுவைத் தூக்கியிருக்கவே வேண்டாம். இன்னொரு வழி, வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரௌட்டரில் கிளையன்ட் மோட் இருந்தால் அது மேல் வீட்டு வைஃபையைப் பிடித்து லேன் கேபிள் வழியாகக் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும். அதற்கு எந்த டிரைவரும் தேவையில்லை.

"விண்டோஸில் ஓடுகிறதே, குறை எங்கே" என்று என்னிடம் சொன்னதுதான் உங்களிடமும் சொல்வார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் "குறைபாடு" என்பதற்குக் கொடுத்திருக்கும் விளக்கத்தில், விற்பவர் எந்த விதத்திலாவது சொன்ன தரத்துக்குப் பொருள் குறைவாக இருப்பதும் சேரும். லினக்ஸில் ஓடும் என்று சொல்லி விற்றால் லினக்ஸில் ஓட வேண்டும். குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் எதுவும் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள், திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை என்றும் அதே சட்டம் சொல்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழைத்துப் புகார் பதிவு செய்தேன், பில்லையும் சர்வீஸ் சீட்டையும் படம் எடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு கடையிலிருந்து அடாப்டருக்கான 750 ரூபாய் வந்தது. சர்வீஸ் சார்ஜையும், டேட்டா அழிந்ததையும் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை. அதற்காக ஊட்டியில் இருக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்க எழுதிக்கொண்டிருக்கிறேன். பொருளுக்கோ சேவைக்கோ நாம் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, பிரச்சினை நடந்து 2 வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். இதே மாதிரி மலையில் யாருக்காவது நடந்திருந்தால் பில்லைத் தூக்கிப் போடாதீர்கள், கடைக்காரர் சொன்னதை வாட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்கி வையுங்கள். மனு எழுதத் தெரியாவிட்டால் என்னிடம் கேளுங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறேன்.