ஷெல்லி-ஆனா, எலெய்னா?

தங்கள் நாட்டின் இந்த இரு ஓட்டப்பந்தய வீராங்கனைகளில் யார் சிறந்தவர்? ஜமைக்காவின் தடகள ரசிகர்களிடையே ஓயாத வாதம் இது. கடிகாரத்தைக் கேட்டால் பதில் எலெய்ன் தாம்சன்-ஹெரா. ரியோவிலும் டோக்கியோவிலும் 100, 200 மீட்டர் இரண்டிலும் தங்கம். தொடர்ந்து இரு ஒலிம்பிக்கில் இப்படி வென்ற பெண் வேறு எவரும் இல்லை. 2021இல் அமெரிக்காவின் யூஜினில் 100 மீட்டரில் அவர் ஓடிய 10.54 விநாடியை ஷெல்லி-ஆன் ஃபிரேசர்-பிரைஸ் எட்டியதில்லை. ஷெல்லி-ஆனின் சிறந்த நேரம் 10.60.

ஆனால் மக்கள் மனம் கடிகாரத்தை மட்டுமா பார்க்கிறது? கிங்ஸ்டனின் வறிய வாட்டர்ஹவுஸ் பகுதியில் வளர்ந்த ஷெல்லி-ஆன், 2008இல் பெய்ஜிங்கில் 21 வயதில் வென்றபோது, ஒலிம்பிக் 100 மீட்டரில் தங்கம் வென்ற முதல் கரீபியப் பெண்ணானார். 2017இல் மகன் பிறந்தான். இனி அவ்வளவுதான் என்று பலர் நினைத்திருக்க, 2019இல் தோஹாவில் 10.71 விநாடியில் உலகப் பட்டம் வென்று, குழந்தையை ஏந்தி மைதானத்தைச் சுற்றினார். அந்தக் காட்சி இன்றும் என் கண்ணை நனைக்கிறது. 2022இல், 35 வயதில், 100 மீட்டரில் ஐந்தாவது உலகப் பட்டம்! வண்ண வண்ணக் கூந்தலும் மலர்ந்த சிரிப்பும் அவரை எல்லோருக்கும் நெருக்கமாக்கின.

எலெய்ன் அமைதியானவர். 2024இல் குதிகால் தசைநார்க் காயம் அவரிடமிருந்து பாரிஸைப் பறித்தது பெரும் வேதனை. வேகத்துக்கு எலெய்ன்; என் நெஞ்சுக்கு ஷெல்லி-ஆன்.