எக்செல் மேக்ரோவும் நெட்வொர்க் பிரிண்டரும்: எந்த வழி தேறும்?

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் ஏற்றுமதி ஆபீஸ்களில் ஒரு பிரிண்டரோடு வேலை முடியாது. இன்வாய்ஸும் பேக்கிங் லிஸ்டும் லேசரில் வர வேண்டும், லாரியோடு போகிற டெலிவரி சலானுக்குக் கார்பன் காப்பி வேண்டும் என்பதால் அது மட்டும் டாட் மேட்ரிக்ஸில். எக்செல்லில் ஒரு பட்டனைத் தட்டினால் அதது அதன் பிரிண்டருக்குப் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் கேள்வி. வழி நாலைந்து இருக்கிறது.

எல்லாரும் முதலில் செய்வது மேக்ரோவை (எக்செல் தானாகச் செய்ய எழுதிவைக்கும் கட்டளைத் தொகுப்பு) ரெக்கார்டு செய்து, அதில் விழுந்த பிரிண்டர் பெயரை அப்படியே வைத்துக்கொள்வது. அந்தக் கணினியில் ஓடும். பக்கத்து மேசையில் 1004 பிழை வரும். காரணம், எக்செல்லின் ஆக்டிவ்பிரிண்டருக்கு, அதாவது எதில் அடிப்பது என்று சொல்லும் அமைப்புக்கு, வெறும் பெயர் போதாது, கூடவே 'ஆன் என்இ01:' (on Ne01:) என்று போர்ட்டும், அதாவது பிரிண்டரின் இணைப்புப் பெயரும் வேண்டும், அந்த எண்ணை விண்டோஸ் ஒவ்வொரு பயனருக்கும் தனித்தனியாகப் போடுகிறது. உங்களுக்கு 01 என்றால் ஸ்டோர் கீப்பருக்கு 04 ஆக இருக்கலாம்.

அதனால் போர்ட் எண்ணை 00 முதல் 99 வரை ஒவ்வொன்றாக முயன்று பார்க்கும் லூப் போட்டு, பிழை வந்தால் கண்டுகொள்ளாமல் அடுத்த எண்ணுக்குப் போகச் சொல்கிற வழி இணையம் முழுக்கக் கிடக்கிறது. வேலை செய்யும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு எண்ணும் பொருந்தாமல் போனால் மேக்ரோ வாயைத் திறக்காது, ஏற்கெனவே இருந்த பிரிண்டருக்கே அடித்துவிடும், ஏற்றுமதி இன்வாய்ஸ் நீளமாகத் தொடர்தாளில் வந்து நிற்கும். லூப் முடிந்ததும் பிரிண்டர் உண்மையில் மாறியதா என்று பார்க்கும் ஒரு வரி இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

என் ஓட்டு ரெஜிஸ்ட்ரிக்குத்தான், அதாவது விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் இடத்துக்கு. நடப்புப் பயனரின் கிளையில், விண்டோஸ் என்டி, கரன்ட்வெர்ஷனுக்குக் கீழே 'டிவைசஸ்' என்று ஒரு இடம் இருக்கிறது. ஒவ்வொரு பிரிண்டர் பெயருக்கும் எதிரே 'வின்ஸ்பூல்,என்இ03:' என்கிற மாதிரி எழுதியிருக்கும். கமாவுக்குப் பின்னால் இருப்பதை எடுத்து, நடுவில் 'ஆன்' வைத்துப் பெயரோடு ஒட்டினால் முடிந்தது, ஊகமே கிடையாது. இங்கே பலர் மாட்டுகிற இடம் ஒன்று உண்டு: ரெஜிஸ்ட்ரியைப் படிக்க வழக்கமாக எடுக்கும் டபிள்யூஸ்கிரிப்ட் ஷெல்லின் ரெக்ரீட் (RegRead) கட்டளை இதற்கு உதவாது, ஏனென்றால் நெட்வொர்க் பிரிண்டரின் பெயரிலேயே பின்சாய்கோடு வருகிறது, அதைப் பாதை என்று எடுத்துக்கொண்டு இல்லாத இடத்தில் போய்த் தேடும். விண்டோஸின் நிர்வாகக் கருவியான டபிள்யூஎம்ஐயின் எஸ்டிடிரெக்ப்ராவ் (StdRegProv) வழியாகப் படித்தால் அந்தத் தொல்லை இல்லை.

போர்ட்டைத் தேடும் கோடே வேண்டாம் என்றால் பிரிண்டர் செட்டப் டயலாக்கைத் திறந்து காட்டி ஆளையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். காட்பாடியில் ஆர்ட்டிகிள்ஷிப் (ஆடிட்டர் படிப்புக்கான பயிற்சி) பையன்கள் இடம் மாறி மாறி உட்காரும் ஆடிட்டர் ஆபீஸுக்கு அது போதும். கேன்சல் அழுத்தினால் ஃபால்ஸ் திரும்பும், அதைப் பார்த்து அச்சை நிறுத்திவிடுங்கள். ஒரு நாளைக்கு நூறு சலான் அடிக்கிற இடத்தில் இதை வைத்தால் கம்ப்யூட்டர் பையன் சண்டைக்கு வருவான்.

விண்டோஸின் டீஃபால்ட் பிரிண்டரையே மேக்ரோவால் மாற்றுவது எனக்குப் பிடிக்காது. பெயர் மட்டும் கொடுத்தால் போதும் என்பது வசதிதான், ஆனால் மேக்ரோ பாதியில் நின்றுபோனால் டாலி பில்லும் தப்பான பிரிண்டரில் வரும்.

வேர்டு வேறு குணம். போர்ட் கேட்காது, ஆனால் ஆக்டிவ்பிரிண்டரை மாற்றினால் விண்டோஸ் டீஃபால்ட்டும் சேர்ந்தே மாறும். அதைத் தவிர்க்க வேர்டின் பிரிண்டர் அமைப்பு டயலாக்கான ஃபைல்பிரிண்ட்செட்டப்பில் 'டூநாட்செட்ஆஸ்சிஸ்டீஃபால்ட்' (DoNotSetAsSysDefault) கொடுக்க வேண்டும். லிப்ரே ஆபீஸில் ஆவணத்தின் பிரிண்டர் பண்பில் பெயரை வைத்தாலே போதும், போர்ட் வம்பே இல்லை.

எந்த வழி எடுத்தாலும் சரி, பிரிண்டர் பெயரைக் கோடுக்குள் எழுதாமல் தனி ஷீட்டில் ஒரு செல்லில் வையுங்கள், பழைய பிரிண்டரை முதலிலேயே குறித்துக்கொண்டு அச்சு முடிந்ததும், பிழை வந்தாலும்கூட, திருப்பி வையுங்கள்.