நைட்டி என்று பெயர் வாங்கிய சுங்குடி கவுன்: இரண்டு வருட அனுபவம்

பெரியம்மா தைத்துக் கொடுத்த சுங்குடி கவுனை முதல்முறை போட்டுக்கொண்டு ஆபீஸுக்குக் கிளம்பிய அன்று, மாடிப்படியில் எதிர்வீட்டு அக்கா கேட்டார்: "என்னம்மா, நைட்டியோட எங்க கிளம்பிட்ட?" இரண்டு வருடமாக இந்த ஒரு கவுனை நான் விதவிதமாகப் போட்டுப் பார்ப்பதற்கு அந்தக் கேள்விதான் காரணம்.

துணி, மதுரையில் வாங்கிய அரக்கு நிறச் சுங்குடிப் புடவை. மதுரைச் சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் கடையில் அந்தப் பெயரில் தொங்கும் பல புடவைகளில் இருப்பது அச்சுப் புள்ளிதான். கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த அசல் சுங்குடியில் ஒரு புள்ளி மாதிரி இன்னொன்று இருக்காது. புதுத்துணியில் முடிச்சு அவிழ்த்த இடம் லேசாகக் கூம்பி நிற்கும். தடவிப் பார்த்து வாங்குங்கள்.

பெரியம்மா முதலில் புடவையை நனைத்துக் காயவைத்துவிட்டுத்தான் கத்தரியைக் கையில் எடுத்தார். "சுருங்குறது இப்பவே சுருங்கட்டும்டி" என்றார். கழுத்திலிருந்து கீழ்வரை பட்டன், இரண்டு பக்கமும் பாக்கெட், கரையை வெட்டாமல் அப்படியே கீழ் ஓரத்துக்கு. மிச்சத் துணியில் தனியாக ஒரு பெல்ட்.

அந்த பெல்ட்தான் கவுனைக் காப்பாற்றியது. காட்டன், புள்ளி, முன்பக்கப் பட்டன் மூன்றும் சேர்ந்தால் நம் ஊரில் நைட்டி என்றுதான் படும். இடுப்பில் இறுக்கிக் கட்டி, வீட்டுச் செருப்பை விட்டுவிட்டு ஒரு தோல் செருப்பைப் போட்டால் பேச்சே மாறிவிடும். ஆபீஸுக்கு இதுதான் என் வழக்கம்.

எனக்கு மிகவும் பிடித்தது வேறு. பட்டன் எல்லாவற்றையும் திறந்துவிட்டு, உள்ளே வெள்ளை டீ-ஷர்ட், ஜீன்ஸ். மேலே கோட் மாதிரி கவுன். பஸ்ஸில் ஏறும்போது மட்டும் இரண்டு ஓரத்தையும் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை மிதித்து, கீழ்ப் பட்டன் ஒன்று எங்கேயோ போய்விட்டது. கொடைக்கானலுக்குப் போனபோது உள்ளே முழுக்கைக் கறுப்பு டீ-ஷர்ட்டும் லெக்கின்ஸும் போட்டேன். குளிருக்குப் போதவில்லை, போட்டோவில் நன்றாக இருந்தது.

தங்கை வளைகாப்புக்குப் பட்டுத் துப்பட்டாவை ஒரு தோளில் மடித்துப் போட்டு, அதன் மேலேயே பெல்ட்டைக் கட்டி, பெரிய ஜிமிக்கியோடு போனேன். "புடவையைக் கவுனா தைச்சிட்டியா!" என்று ஒரு அத்தை அங்கலாய்த்தார். சரி, நைட்டி என்று சொல்லவில்லையே.

எடுபடாததும் உண்டு. மேலே ஒரு சட்டை போட்டு, அதன் முனைகளை இடுப்பில் முடிச்சாகக் கட்டி, கவுனைப் பாவாடை மாதிரி காட்டிப் பார்த்தேன். உள்ளே துணி மூட்டையாகச் சேர்ந்து, இடுப்பு இரண்டு மடங்கு தெரிந்தது. அன்றோடு விட்டுவிட்டேன்.

இனி குறைகள். உப்புத் தண்ணீரில் ஊறவைத்தும் சாயம் நிற்கவில்லை. மூன்று அலசலுக்கு அப்புறம்தான் தண்ணீர் தெளிந்தது. அதற்குள் ஒரு வெள்ளை டீ-ஷர்ட் ரோஸ் ஆகிவிட்டது. வெயிலில் காயப்போட்டதில் தோள்பட்டை வெளுத்திருக்கிறது. இப்போது உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில்தான் காயப்போடுகிறேன். இஸ்திரி போடாமல் இதைப் போடவே முடியாது, அது ஒரு தொல்லை. போன வருடம் அக்குள் தையல் விட்டுப்போனது. நான் கொஞ்சம் பருத்ததும் காரணம். பெரியம்மா உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டுத் தைத்திருந்ததால் பிரித்துத் தைக்க முடிந்தது. டெய்லரிடம் கொடுப்பவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அடுத்த கவுனுக்கு நீலச் சுங்குடி வாங்கி வைத்திருக்கிறேன். கையை முழங்கை வரை வைக்கச் சொல்லியாகிவிட்டது. எதிர்வீட்டு அக்காவும் தனக்கு ஒன்று தைக்கப் பெரியம்மாவிடம் கேட்கச் சொல்லியிருக்கிறார், வீட்டில் போட்டுக்கொள்ள.