100 டன் பிரஸ் என்றால் முதலில் சிலிண்டர் அளவைக் கேளுங்கள்

ஃப்ளை ஆஷ் கல் (அனல் மின் நிலையச் சாம்பலில் அடிக்கும் செங்கல்) யூனிட் போட ஹைட்ராலிக் பிரஸ் விசாரிப்பவர்கள், அட்வான்ஸ் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

மேட்டூர் அனல் மின் நிலையச் சாம்பலை நம்பித்தான் யூனிட் தொடங்கினோம். மெஷின், கோவைப் பக்கம் ஒரு பட்டறையில் வாங்கியது. கொட்டேஷனில் ‘100 டன், ஒரு அழுத்தில் 6 கல்’ என்று இருந்தது. ஓட்டிக் காட்டிய அன்று, ஏற்கெனவே நீராற்றிக் காய்ந்த கல்லைத்தான் கையில் கொடுத்தார்கள். தட்டினால் கணீரென்றது.

எங்கள் இடத்துக்கு வந்தபின் கல்லின் முனை நிற்கவில்லை. பேலட்டிலிருந்து தூக்கும்போதே விளிம்பு மாவாக உதிர்ந்தது. போன் போட்டால் சாம்பல் சரியில்லை, ஈரம் அதிகம், ஆள் சரியில்லை என்று தினம் ஒரு காரணம். கலவையை மாற்றி மாற்றிப் பார்த்ததில் சிமென்ட் செலவு ஏறியதுதான் மிச்சம்.

சிலிண்டரில் ஆயில் கசிந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பிரித்து, பழைய பிஸ்டன் சீலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் வெர்னியர் வைத்துப் பார்த்துவிட்டு, “இது 200 எம்.எம். போருங்க, 100 டன்னெல்லாம் வராது” என்றார். போர் என்றால் சிலிண்டரின் உள்விட்டம்.

கணக்கு எளிது. 200 மி.மீ. போருக்குப் பரப்பு 314 சதுர செ.மீ. கேஜ் அதிகபட்சம் காட்டும் ஆயில் அழுத்தம் சதுர செ.மீ.க்கு 200 கிலோ. பெருக்கினால் 63 டன் கூட முழுசாக இல்லை. 100 டன் வேண்டுமென்றால் 250 மி.மீ.க்குச் சற்று மேல் போர் இருக்க வேண்டும். 23-க்கு 11 செ.மீ. கல் ஆறுக்கு மொத்தப் பரப்பு 1,518 சதுர செ.மீ. அப்படியானால் கல் மேல் சதுர செ.மீ.க்கு 66 கிலோ விழ வேண்டிய இடத்தில் 41 கிலோதான் விழுந்திருக்கிறது. அப்புறம் முனை எப்படி நிற்கும்?

கேட்டதற்கு, ‘100 டன் என்பது மாடல் பெயர்’ என்று கூசாமல் சொன்னார்கள். அதோடு, அழுத்தம் எல்லை மீறாமல் தடுக்கும் ரிலீப் வால்வை இறுக்கி பிரஷரை ஏற்றிக்கொள்ளச் சொன்னார்கள். யாரும் இதைச் செய்யாதீர்கள். அந்தச் சிலிண்டரில் 100 டன் எடுக்க 318 கிலோ வரை ஏற்ற வேண்டும். ஹோஸ் வெடித்தால் சூடான ஆயில் பீய்ச்சி அடிப்பது பக்கத்தில் நிற்கும் ஆள் மேல்தான். ஆபரேட்டர் உயிரைப் பற்றி அவர்களுக்குக் கவலையே இல்லை.

நுகர்வோர் ஆணையம் என்றால் ‘வணிக நோக்கம்’ என்று தட்டிக்கழிக்கப் பார்ப்பார்கள். பிழைப்புக்கான சுயதொழிலுக்கு வாங்கியிருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. வக்கீலிடம் கேளுங்கள்.

கொட்டேஷனில் போர் அளவும் வேலை அழுத்தமும் எழுத்தில் இருக்கட்டும். உங்கள் சாம்பல், உங்கள் கலவையில் கல் அடித்து, நீராற்றி, லேபில் ஐ.எஸ். 12894 என்ற இந்தியத் தர நிர்ணயப்படி சோதித்த பிறகுதான் கடைசித் தொகை என்று ஒப்பந்தம் போடுங்கள். ஒத்துக்கொள்ளாத பட்டறை வேண்டவே வேண்டாம்.

நாங்கள் இப்போது 4 கல் மோல்டு தனியாகச் செய்து மாட்டியிருக்கிறோம். அழுத்தம் 62 கிலோவுக்கு வந்தது, கல்லும் நிற்கிறது. ஆனால் உற்பத்தியில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பேங்க் தவணை 6 கல் கணக்கில்தான் ஓடுகிறது.