பெக்கோவா, மண்வெட்டியா? பசுமை வடிகானை யார் பார்ப்பது

ஐப்பசி பிறந்தால், வடிகான் துப்பரவாக்க, மட்டக்களப்பில் எங்கள் ஒழுங்கைக்கு மண் கிண்டும் இயந்திரமான பெக்கோ வந்துவிடும். கொந்தராத்துக்காரருக்கு மீட்டர் கணக்கில்தான் காசு. அதனால் மளமளவென்று கிளறிக்கொண்டு போவார். போன முறை புல்லோடு மேல்மண்ணையும் வழித்துக் கரையிலேயே குவித்துவிட்டுப் போனார். முதல் மழைக்கே அத்தனை மண்ணும் திரும்ப வடிகானுக்குள்.

சீமெந்து வடிகானுக்கு இந்த வழி ஓரளவு சரி. புல்லும் செடியும் வைத்து மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் பசுமை வடிகானுக்கும் மழைத்தோட்டத்துக்கும் சரிவராது. பாரமான இயந்திரம் ஏறினால் மண் இறுகும், தண்ணீர் இறங்காது. நுளம்பு முட்டை வளர்ந்து பறக்க ஒரு வாரமளவு போதும். அப்புறம் அது தோட்டமில்லை, டெங்குப் பண்ணை.

சிரமதானத்தையும் சிலர் சொல்வார்கள். ஒருநாள் கூடுவோம், படம் எடுப்போம், தேத்தண்ணி குடிப்போம். அடுத்த மாதம் யார் வருவது?

மிச்சமிருப்பது, மாநகரசபையே வட்டாரத்தில் ஆறேழு பேரைப் பழக்கி மாதச் சம்பளத்துக்கு வைப்பது. அமெரிக்காவின் பிலடெல்பியா 2011இல் மழைநீருக்காக 25 ஆண்டுப் பசுமைத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 2013இல் வந்த பவர்கோர் என்ற பயிற்சித் திட்டம், வேலையில்லாத இளைஞர்களை உதவித்தொகையோடு இந்தப் பராமரிப்பில் பழக்கியது. அந்த நகரத்துக் காசு நமக்கில்லை. வேலையில்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பழக்க வேண்டியது பெரிய வித்தையுமல்ல. தண்ணீர் நுழையும் வாயைப் பாருங்கள். அங்கே ஒரு விரல் உயரத்துக்கு மணல் சேர்ந்து, அதன்மேல் ஒரு சொப்பிங் பேக் படிந்தால் போதும், வெள்ளம் உள்ளே திரும்பாமல் வீதியோடு ஓடிவிடும். மண்வெட்டியோடு ஒருவர் நின்றால் பத்து நிமிட வேலை. ஆனால் மழை விட்ட அன்றைக்கே வேண்டும். பெக்கோவுக்கு அடுத்த ஐப்பசிதான் முறை. எந்தப் புல் மண்ணைப் பிடிக்கிறது, எது பிடுங்க வேண்டிய பார்த்தீனியம் என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

செலவுக் கணக்கு பார்ப்பவர் கேட்பார்: இங்கே மழையின் பெரும்பகுதி மாரி மாதங்களில்தானே, கோடையில் ஏன் சம்பளம்? கோடையில்தான் சேறு காய்ந்து அள்ள இலகுவாக இருக்கும். நாற்று வளர்ப்பதும், வைத்த செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் அப்போதுதான். இந்தப் பயிற்சியை தோட்டக்கலை என்விகியூ (தேசிய தொழிற்தகைமை) சான்றிதழோடு இணைத்தால், சபை வேலை முடிந்தாலும் ஹோட்டல் தோட்டத்திலாவது வேலை கேட்கலாம். வெறும் கூலி என்றால் பாஸ்போர்ட் கிடைத்த அன்றே மத்திய கிழக்குக்குப் போய்விடுவார்கள்.

குழுவால் எல்லாம் முடியாது. வாவி நிரம்பி, அது கடலில் சேரும் முகத்துவாரம் மண்மூடிக் கிடந்தால், வாவி சூழ்ந்த புளியந்தீவில் மழைத்தோட்டம் வைத்தும் பயனில்லை. முகத்துவாரத்தை வெட்டத்தான் வேண்டும். ஆற்றுவாழை அடைத்த பெரிய வாய்க்காலுக்கும் இயந்திரம் தேவை. அதைக் கொந்தராத்துக்காரரிடமே விடலாம்.

ஆனால் மீட்டர் கணக்கை விடச் சொல்லுங்கள். மழை விட்டு இரண்டு நாளில் தண்ணீர் வற்றியதா என்று பார்த்துக் காசு கொடுக்கலாம். அடையாளம் போட்ட ஒரு தடி போதும் அளக்க. அளந்து கையொப்பம் வைப்பவர் அந்த ஒழுங்கையிலேயே குடியிருக்கும் குழுக்காரப் பெண்ணாக இருந்தால், கொந்தராத்துக்காரர் கரையில் மண்ணை விட்டுப் போகமாட்டார்.